வட்டுக்கோட்டைச் செமினறியும் அதன் மாணாக்கர் எழுத்தும்

தோற்றுவாய்

ஒரு கல்லூரியின் பெருமையை அளத்தற்குப் பல கோல்கள் உள. கட்டிடங்களை எண்ணுவார் சிலர். தேர்வில் தேறினோர் தொகையை எண்ணுவார் சிலர். அக்கல்லூரியிற் பயின்று உயர் பதவி வகித்தோரின் பெயர்களை அடுக்கி மகிழ்வார் பலர். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும், அங்குப் பயின்ற மாணாக்கர் பிற்காலத்து யாது எழுதினர், எங்ஙனம் எழுதினர், அவ்வெழுத்தில் அக்கல்லூரியின் சுவடு எவ்வளவு பதிந்துள்ளது என்னும் வினாக்களே அதன் உண்மையான ஆற்றலைக் காட்டுவன என்பது எம் கருத்து. இக்கோல் கொண்டு, 1823ஆம் ஆண்டு தொடங்கி 1855ஆம் ஆண்டு மூடப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினறியை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்செமினறியைப் பற்றி இருவேறு கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. ஈழத்தில் ஆங்கிலக் கல்வியும் அறிவியலும் அங்கிருந்தே உதித்தன என்று போற்றுவது ஒன்று. சமயமாற்றத்திற்கு விரித்த வலையேயன்றி அது வேறன்று என்று தூற்றுவது மற்றொன்று. இரு திறத்தாரும் அதனை நிறுவிய பாதிரிமாரின் எண்ணத்தையே நோக்கினர். அங்கே படித்த பிள்ளைகளின் எழுத்தை வைத்து நோக்கினார் சிலரே. விதைத்தவன் எண்ணம் ஒன்றாகவும் விளைந்த பயிர் வேறொன்றாகவும் அமைதல் உலகியல்பு. ஆதலின் விளைவையே நோக்குவாம்.

அமெரிக்க மூலம்

இச்செமினறி யாழ்ப்பாண மண்ணில் நின்றதாயினும் அமைப்பால் ஓர் அமெரிக்கக் கல்லூரியே. அதன் வேரைத் தேடிச் செல்லின் வில்லியம்ஸ் கல்லூரி என்னும் சிறு கல்லூரியிற் சென்று முடியும். 1806ஆம் ஆண்டு அக்கல்லூரி மாணாக்கர் ஐவர் மழைக்கு ஒதுங்கி ஒரு வைக்கோற்போரின் அருகிற் கூடித் தொழுது, கீழைத் தேயங்களுக்குச் சமயப்பணி செய்யச் செல்வதென உறுதி பூண்டனர் என்பது அமெரிக்கச் சமய வரலாற்றிற் பெயர்பெற்ற செய்தி. அவ்வைவருள் ஒருவர் ஜேம்ஸ் றிச்சாட்ஸ். 1810இல் நிறுவப்பெற்ற அமெரிக்க மிசன் சங்கத்தின் சார்பில் 1816இல் யாழ்ப்பாணம் வந்த முதற் குழுவில் அவரும் இருந்தார். அவருடன் வந்த தானியேல் பூவர் டாட்மத் கல்லூரியிலும், மெயிக்ஸ் யேல் கல்லூரியிலும் பயின்றவர்கள். றிச்சாட்ஸ் 1822இல் தெல்லிப்பழையில் மறைந்தார். அதற்கடுத்த ஆண்டு வட்டுக்கோட்டையிற் செமினறி தொடங்கிற்று. பூவர் அதன் முதல் அதிபரானார்.

அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகள் இன்றைய பல்கலைக்கழகங்களைப் போன்றனவல்ல. மாணாக்கர் தொகை சிறிது. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே வளவில் வாழ்ந்தனர். காலையும் மாலையும் கூட்டுத் தொழுகை உண்டு. பாடங்களுட் பெரும்பகுதி இலத்தீன், கிரேக்கம், கணிதம், தருக்கம் என்பனவே. ஆயினும் பாடத்திட்டத்திற்குப் புறம்பே மாணாக்கர் தாமே நடத்திய இலக்கியச் சங்கங்கள் அக்கல்லூரிகளுக்கு உயிராய் விளங்கின. யேல் கல்லூரியில் 1753இல் தோன்றிய லினோனியா, டாட்மத்தில் 1783இல் தோன்றிய 'சோசியல் பிரெண்ட்ஸ்' முதலிய சங்கங்கள் தமக்கெனச் சொந்த நூல்நிலையமும் சொற்போர் அரங்கும் வைத்திருந்தன. கட்டுரை வாசித்தலையும், ஒரு பொருளை இரு பக்கமும் நின்று வாதித்தலையும் மாணாக்கர் ஆங்கே பயின்றனர். 1828இல் யேல் கல்லூரி ஆசிரியர் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, பழைய செம்மொழிகளைப் பயிற்றுவதன் பயன் செய்தியை நிரப்புதலன்று, மனத்தைப் பண்படுத்துதலே என்று வாதிட்டது.

இந்த மரபிற் பயின்று வந்தவர்கள் வட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரியையே நிறுவ விரும்பினர். 1823ஆம் ஆண்டுத் திட்ட அறிக்கை தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பிறர்க்குமான கல்லூரி என்றே பேசுகின்றது. ஆங்கிலத்தில் முழுமையான அறிவு, தமிழ் இலக்கிய வளர்ச்சி, தெரிந்தெடுத்த சிலர்க்குச் சமஸ்கிருதம், வேறு சிலர்க்கு எபிரேயம் கிரேக்கம் இலத்தீன், இவற்றோடு மேனாட்டு அறிவியல் என்பன அதன் குறிக்கோள்கள். ஆள்பதி பாண்ஸ் காலத்துப் பிரித்தானிய அரசு அமெரிக்கர்பால் ஐயுறவு கொண்டிருந்தது. அவர்கள் அனுப்பிய அச்சுத் தொழிலாளரையே 1820இல் நாட்டினின்றும் வெளியேற்றிய அரசு கல்லூரிப் பட்டயம் வழங்குமென்று எதிர்பார்த்தல் இயலாது. ஆகவே 'செமினறி' என்ற பெயரே நிலைத்தது. பட்டம் வழங்கும் உரிமையின்றியே பட்டப்படிப்பை ஒத்த பயிற்சியை அது முப்பத்திரண்டாண்டு நடத்திற்று.

மாணாக்கர் வாழ்க்கை

அங்குச் சேர்ந்த மாணாக்கரின் வாழ்க்கையில் முதலிற் கண்ணிற் படுவது பெயர். அமெரிக்காவிலுள்ள அன்பர்கள் ஒரு பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பினால், தாம் விரும்பும் பெயரை அப்பிள்ளைக்கு இடுவிக்கலாம் என்பது ஏற்பாடு. இவ்வகையிற் சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். கதிரவேற்பிள்ளை வைமன் ஆனார். கண்ணாற் காணாத ஒருவரின் பெயரை வாழ்நாள் முழுதும் சுமத்தல் எத்தகையதென்பதை அவர்கள் யாண்டும் எழுதி வைத்ததாக யாம் கண்டிலேம். ஆனால் அவர்களுட் பலர் தந்தை தாயர் இட்ட பெயரையும் விடாது உடன் வைத்துக்கொண்டனர் என்பது நோக்கத்தக்கது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் ஒரு பெயருள்ளேயே அச்செமினறியின் வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

அடுத்தது உணவு. சாதியாசாரம் மிக்க அக்காலத்தில் மிசன் வளவினுள் உண்ணுதற்குப் பிள்ளைகளின் பெற்றோர் இசையவில்லை. ஆதலால் தொடக்க காலத்தில் உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வளவின் புறத்தே சைவச் சமையற்காரரைக் கொண்டு உணவு அளிக்க வேண்டியதாயிற்று. படிப்பு உள்ளே, பந்தி வெளியே என்னும் இந்த ஏற்பாடு, கல்வியை ஏற்றுக் குலாசாரத்தை விடாத ஒரு சமுதாயத்தின் மனநிலையைத் தெளிவுறக் காட்டுகின்றது.

மூன்றாவது பாடம். யூக்கிளிட்டின் கேத்திர கணிதம், அட்சர கணிதம், திரிகோண கணிதம், தருக்கம், இயற்கைத் தத்துவம், வானசாத்திரம் ஆகியன ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. தமிழிலக்கணமும் இலக்கியமும் உடன் நடந்தன. 1848இல் அங்கு வந்து பார்வையிட்ட குடியேற்றநாட்டுச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனந்து, 1850இல் வெளியிட்ட தம் நூலில், அதன் கல்வித் தரம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்னும் கருத்துப்பட எழுதினார்.

பாடத்துள்ளும் வான சாத்திரமே மாணாக்கரைப் பெரிதும் ஆட்கொண்டது. 1829ஆம் ஆண்டு பங்குனித் திங்களில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தையிட்டு பூவருக்கும் அராலி விசுவநாத சாஸ்திரியாருக்கும் இடையே எழுந்த கணிப்பு வேறுபாடு யாழ்ப்பாணம் எங்கும் பேசப்பட்டது. கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் காலம் முதலியவற்றிற் பஞ்சாங்கக் கணிப்புச் சிறிது பிழைத்தது. இதனைப் பாதிரிமார் தம் சமயத்தின் வெற்றியாகக் கொண்டாடினர். நடுநிலையில் நின்று நோக்குவார்க்கு இங்கே இரண்டு உண்மைகள் புலனாகும். ஓலைச் சுவடியும் மனக்கணக்கும் கொண்டு சாஸ்திரியார் கண்ட முடிபு சில நிமிடங்களே பிழைத்தது என்பது அம்மரபின் திறத்துக்குச் சான்றாகும். எவர் சொன்னாலும் வானத்தை நோக்கிச் சரிபார்த்தல் வேண்டும் என்னும் பழக்கம் மாணாக்கருக்கு அன்று உண்டாயிற்று என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது உண்மையே எழுத்துலகிற் பெரும்பயன் விளைத்தது. பூவருக்குப் பின் அதிபராய் வந்த ஒய்சிங்டன் தாமும் இந்நாட்டு வானகணித நூலைக் கற்று 1848இல் மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். சிவஞானபோதத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்து அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் இதழில் வெளிவரச் செய்தார். கற்பிக்க வந்தவரும் கற்றுச் சென்றார்.

மாணாக்கர் எழுத்து

இனி எழுத்துக்கு வருவாம். செமினறி மாணாக்கர் எழுத்தை நால்வகையாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது பத்திரிகை. 1841ஆம் ஆண்டு தை மாதம் 7ஆந் திகதி 'உதயதாரகை' வெளிவந்தது. அதன் முதலாசிரியர்களான ஹென்றி மாட்டின், சேத் பேசன் இருவரும் செமினறியிற் பயின்ற தமிழரே. பாட்டிலும் உரைகளிலும் பெரும்பாலும் தங்கியிருந்த தமிழை அவர்கள் பயிர்த்தொழில், அரசியல், பிறநாட்டுச் செய்தி என்பவற்றைச் சொல்லும் கருவியாக்கினர். அந்நடை இன்று படிக்குங்கால் கரடுமுரடானது. சந்தி பிரியாத நீண்ட தொடர்களும் வடசொற் பெருக்கமும் ஆங்கில வாக்கிய அமைப்பின் சாயலும் அதிலுள்ளன. எனினும் அப்பத்திரிகையின் சிறப்பு நடையிலன்று. மறுப்புக்கு இடங்கொடுத்ததில் உள்ளது. மிசன் பத்திரிகையாயிருந்தும் சைவர் எழுதிய எதிர்க்கடிதங்கள் அதிற் பதிப்பிக்கப்பெற்றன. அமெரிக்கக் கல்லூரிச் சங்கங்களின் சொற்போர் அரங்கு ஈண்டு தமிழ் அச்சிலே வந்து அமர்ந்தது. ஆறுமுக நாவலர் செமினறி மாணாக்கர் அல்லர். வெஸ்லியன் பாடசாலையிற் பயின்றவர். ஆயினும் அவர் வளர்த்த கண்டன உரைநடைக்கு எதிர்நின்ற களம் இத்தகைய பத்திரிகையே என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது பாடநூலும் அகராதியும். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் 'நியாய இலக்கணம்' 1850இலும், கறோல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' 1855இலும் வெளிவந்தன. மேனாட்டுத் தருக்கத்தையும் அட்சர கணிதத்தையும் தமிழிற் சொல்ல முற்பட்டோர் எதிர்கொண்ட இடர் சொல்லிடர். அவர்கள் பெரும்பாலும் வடமொழியை நாடினர். தனித்தமிழ் விழைவோர்க்கு இது குறையாகத் தோன்றலாம். ஆயின், தமிழிலே தருக்கமும் கணிதமும் சொல்லமுடியுமா என்னும் வினாவே அக்காலத்து முதல் வினா. முடியும் என்று அவர்கள் செய்து காட்டினர். 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூலாக்கியதும் இத்துணிவின் தொடர்ச்சியே. வைமன் கதிரவேற்பிள்ளை தொகுத்த பேரகராதி அவர் மறைவின் பின்னர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பெற்றது. சொல்லைத் தேடித் தொகுக்கும் உழைப்பு இவர்களிடம் ஒரு பரம்பரைக் குணம் போலவே அமைந்தது.

மூன்றாவது இலக்கிய வரலாறு. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் மானிப்பாயில் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' நானூற்றுக்கு மேற்பட்ட புலவர் வரலாறுகளை அகர வரிசையிற் கூறுகின்றது. 1859இல் சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தமிழ் புளுராக்' இதற்கு முன்னோடி. ஆயினும் தமிழர் தம் புலவர் வரலாற்றைத் தமிழிலேயே ஒழுங்குபடுத்திப் படிக்க இந்நூல் வழிசெய்தது. குறைகள் இல்லாமலில்லை. செவிவழிக் கதையும் உறுதியான செய்தியும் ஒரே நிரலில் நிற்கின்றன. காலக்கணிப்புப் பலவிடத்துத் தளர்வுடையது. புலவரின் பாடலை எடுத்துக்காட்டும் ஆசிரியர் அதன் நலத்தை ஆராய்தல் அரிது. திறனாய்வு நூல் என இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. திறனாய்வுக்கு வேண்டிய அடித்தளம் எனக் கொள்ளுதலே பொருந்தும். ஈழத்துச் சிறு புலவர் பலரின் பெயரும் சில பாடல்களும் இந்நூலாலேயே மறதியினின்றும் தப்பின. மிசன் பணியில் நிலைத்து வாழ்ந்த ஒருவர் சைவப் புலவர் வரலாறுகளைக் காய்தல் உவத்தலின்றித் தொகுத்தார் என்பதும் சிறிய செய்தியன்று.

நான்காவதும் தலையாயதும் பதிப்பு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1832இற் பிறந்து செமினறியிற் பயின்று, 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். கறோல் விசுவநாதபிள்ளை மற்றவர். வீரசோழியம் 1881இலும், இறையனார் அகப்பொருளுரை 1883இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவரால் அச்சேறின. இப்பதிப்புகளின் முன்னுரைகளைப் படிப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். ஏடுகள் எங்கெங்கே கிடைத்தன, அவை எந்நிலையில் இருந்தன, தம் முடிபுக்கு ஆதாரம் யாது என்று படிப்பவர் முன் வைத்தே அவர் பேசுகின்றார். காலம் பற்றி அவர் கொண்ட முடிபுகள் சில பிற்கால ஆராய்ச்சியில் நில்லாது போயின. ஆனால் முடிபைச் சான்றோடு சேர்த்து வைத்தபடியாலேயே பின்வந்தோர் அதனை மறுக்கவும் முடிந்தது. யூக்கிளிட்டின் கேத்திர கணிதத்தில் ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதிப் பழகிய கை இம்முன்னுரைகளில் இயங்குகின்றது என்பது எம் துணிபு. சமயத்தால் அவர் சைவத்திற்குத் திரும்பினார். பழக்கத்தால் செமினறி மாணாக்கராகவே இருந்தார்.

இந்நான்கையும் ஒருசேர நோக்கின் ஒரு பொதுவியல்பு தோன்றும். செமினறி மாணாக்கரின் சிறந்த எழுத்து ஆங்கிலத்தில் இல்லை, தமிழிலேயே உள்ளது. ஆங்கிலத்திற் கற்ற முறையைத் தமிழ்ப் பொருளுக்கு ஆட்சி செய்தபோதே அவர்கள் நிலைபெற்றனர்.

குறைபாடுகள்

இனிக் குறை கூறாதொழிதல் திறனாய்வு ஆகாது. முதற்குறை, இவர்கள் தொகுத்தனர், மொழிபெயர்த்தனர், பதிப்பித்தனர். தம் வாழ்வைப் பாடினாரல்லர். வீட்டினின்றும் பிரிந்து, புதுப்பெயர் பூண்டு, இரு சமயத்துக்கும் இடையே நின்று வளர்ந்த இளைஞரின் மனப் போராட்டம் எத்துணைப் பெரிய இலக்கியப் பொருள்! அதனைக் கதையாகவோ கவிதையாகவோ தந்து நம் இலக்கியத்தில் நிலைபெற்றார் அவர்களுள் ஒருவரும் இலர். சதாசிவம்பிள்ளையின் 'நன்னெறிக் கதாசங்கிரகம்' முதலியனவும் நீதி புகட்டும் நோக்கின. ஐயத்திற்கும் துயரத்திற்கும் அந்நீதிக்கதைகளில் இடமில்லை.

இரண்டாங் குறை, அக்கல்வி எட்டிய எல்லை சிறியது. மாணாக்கர் பெரும்பாலும் உயர்குடியினர். பெண்களுக்கு 1824இல் உடுவிலில் உறைவிடப் பள்ளி அமைந்ததாயினும் இந்த உயர்தரப் பாடத்திட்டம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

மூன்றாவதாகக் கூறுவது குறையென்பதினும் காலத்தின் முரண் எனல் தகும். 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டே மலையகத் தமிழ்மக்கள் தம் இருநூறாண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்தனர். கம்பளைப் பகுதியிற் கோப்பிப் பயிர் தொடங்கிய காலம் அது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அவர்கள் முன்னோர் காட்டுவழி நடந்த பாதையில் மீண்டும் நடந்தும் அந்நிறைவு நினைவுகூரப்பட்டது. ஒரே தீவில், ஒரே காலத்தில், ஒரே மொழி பேசும் இருசாராருள் ஒருசாரார் பிள்ளைகள் யூக்கிளிட் கற்றனர். மற்றொருசாரார் பிள்ளைகள் கோப்பிப்பழம் பறித்தனர். வட்டுக்கோட்டையில் இடப்பெற்ற புதுப்பெயர் நூன்முகப்பில் அச்சேறிற்று. தோட்டத்திற் பிரட்டுக்களத்தில் அழைக்கப்பெற்ற பெயர் செக்றோலுக்கு அப்பால் எங்கும் ஏறவில்லை. இதற்குச் செமினறியைப் பொறுப்பாக்குதல் நேர்மையன்று. ஆனால் ஈழத்துக் கல்வி வரலாறு எழுதுவோர் ஒரு 1823ஐ மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடுதல் வரலாறு ஆகாது.

மூடுவிழாவும் அது தரும் பாடமும்

செமினறி ஏன் மூடப்பட்டது? அமெரிக்காவிலிருந்து 1855இல் வந்த றூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழு, ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் சமயப்பணிக்கு வாராது அரசாங்க வேலைக்கும் வணிகத்திற்கும் செல்கின்றனர் என்று கண்டது. தாய்மொழியில் எளிய கல்வி அளித்து ஊர்ச்சபைகளை வளர்த்தலே போதும் என்பது அண்டர்சனின் கொள்கை. பூவர் அவ்வாண்டே மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அவர் தொடங்கிய நிலையமும் அவ்வாண்டே மூடப்பெற்றது. பழைய மாணாக்கரின் ஊக்கத்தால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்தில் எழுந்தமை பின்வரலாறு. இறுதிக்கால அதிபராயிருந்த மில்ஸ் பின்பு கலிபோர்னியாவில் தம் மனைவியாரோடு வளர்த்த மகளிர் கல்லூரி அவர் பெயரால் விளங்கிற்று.

அண்டர்சனின் கொள்கையிற் பாதி மெய்யுண்டு. தாய்மொழியிற் கல்வி வேண்டும் என்பது முற்றும் உண்மை. பிழை எங்கேயெனின், தாய்மொழிக் கல்வி என்றால் எளிய கல்வி என்று அவர் கருதியதிலே. மேலே காட்டிய நூல்கள் அக்கருத்தைப் பொய்ப்பிக்கின்றன. தருக்கமும் கணிதமும் பாடபேதமும் தமிழில் நின்றன. தாய்மொழியை அடிநிலைக்கு ஒதுக்கி, ஆங்கிலத்தை உயர்நிலைக்கு ஒதுக்கும் பிரிவினையே தீங்கு.

இத்தீங்கை மலைநாடு நீண்டகாலம் அனுபவித்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விச்சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தலைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கிற்று. ஆயினும் தோட்டப் பாடசாலை பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கற்பிப்பதோடு நின்றது. 1970களின் பிற்பகுதியிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. இத்தடைகளுக்கிடையேயும் எழுத்துப் பிறந்தது. எம் வட்டகொடையைச் சேர்ந்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டக் கவிதைநூல், சக்தி பாலையாவின் தமிழாக்கத்தால் 'தேயிலைத் தோட்டத்திலே' என 1969இல் தமிழர் கைக்கு வந்தது. மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களையும் அவர் தொகுத்தார். வட்டுக்கோட்டை மாணாக்கர் செய்யாது விட்டதை, அஃதாவது தாம் வாழ்ந்த வாழ்வைப் பாடுதலை, வட்டுக்கோட்டை எட்டாத மண்ணிற் பிறந்தவர் செய்தார். தொகுத்தலிலே இருவரும் ஒத்தனர். பாடலிலே வேலுப்பிள்ளை முந்தினார்.

முடிவுரை

பட்டம் வழங்கும் உரிமையில்லாத ஒரு செமினறி சென்னைக்குச் சென்று பட்டம் பெறத்தக்க மாணாக்கரை ஆக்கிற்று. வெளிவாரித் தேர்வெழுதிப் பட்டம் பெற்ற எம்போன்ற ஆசிரியர்க்கு இது சிறப்பாக நினைவிற்கொள்ளத்தக்கது. பட்டம் எங்கும் பெறலாம். பழக்கம் ஓரிடத்திலே உண்டாதல் வேண்டும். காரணங் கேட்டல், சான்று வைத்தல், மறுப்புக்கு இடங்கொடுத்தல், கற்றதைத் தாய்மொழியில் எழுதிப் பார்த்தல் என்னும் நான்கு பழக்கங்களே வட்டுக்கோட்டை நமக்கு விட்டுச்சென்ற முதுசொம். இவற்றுக்குப் பெருங்கட்டிடம் வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரும், சில நூல்களும், வாரம் ஒருமுறை கூடும் மாணவர் மன்றமும் இருந்தாற் போதும்.

அவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தல் நம் காலத்தின் கடமை. மாணாக்கர் தம் இல்லத்தையும் லயத்தையும் பாட்டன் பாட்டியர் நடந்த வழியையும் தம் சொல்லிலே எழுதுதல் வேண்டும். அவ்வெழுத்து முதற்கண் கரடுமுரடாகத்தான் இருக்கும். 1841ஆம் ஆண்டு உதயதாரகையும் அப்படித்தான் இருந்தது. இப்பணியைக் கல்லூரிகளும் அவற்றின் ஆண்டு மலர்களும் ஏற்று நடத்துவனவாக.